குரோவேஷிய மொழி: ‘ரிபாமா’வா, ‘ரிபாமி’யா?

பிடோக்வாசி: பாடப்புத்தகத்தில் ரிபா (மீன்) என்பதற்குப் பன்மையில் ‘மீன்களால்’ என்றால் ‘ரிபாமா’. ஆன்லைனில் பேசும், தலைநகர் ஸாக்ரெப் பக்கத்துக்காரர் ‘ரிபாமி’ என்கிறார். பிழையா?

இலக்கணப்பித்தன்: பிழையில்லை, அந்தப் பக்கத்துக் கைகாவிய வட்டார வழக்கு. பாடப்புத்தகப் பொதுமொழியில் மீன்களுக்கு, மீன்களில், மீன்களால் மூன்றுக்கும் ரிபாமா ஒன்றே. கைகாவியம் பல இடங்களில் பழைய வேறுபாட்டை விடவில்லை: ரிபாம், ரிபாஹ், ரிபாமி. ‘மீன்களுடைய’ என்பதற்கு அங்கே வெறும் ‘ரிப்’. தேர்வில் எழுதிவிடாதீர்கள், மதிப்பெண் போய்விடும்.

கடலோடி: கடற்கரை நகரமான ஸ்ப்ளிட் பக்கம் வேறு கதை. பொதுமொழியில் ‘உ ஸ்ப்ளிட்’ என்றால் ஸ்ப்ளிட்டுக்கு, ‘உ ஸ்ப்ளிட்டு’ என்றால் ஸ்ப்ளிட்டில். முன்னால் வரும் ‘உ’ மாறாது, விகுதிதான் பொருளைப் பிரிக்கிறது. கடற்கரைப் பேச்சில் இரண்டுக்குமே ‘உ ஸ்ப்ளிட்’ என்பார்கள். போகிறாரா, இருக்கிறாரா என்பதை வினைச்சொல்லை வைத்துத்தான் பிடிக்கணும். ஈற்று ‘ம்’ அங்கே ‘ன்’ ஆகும்: ரிபோம் (மீனால்), ரிபோன். நிலம், நிலன் படித்த நமக்கு இது புதுசா என்ன?

பிடோக்வாசி: விளிவேற்றுமை?

இலக்கணப்பித்தன்: பொதுமொழியில் இவானை ‘இவானே’ என்று கூப்பிடணும், தமிழ் மாதிரியே. கைகாவியத்தில் பெரும்பாலும் வெறும் ‘இவான்’தான்.