புதுப்பிப்பு: ஃபெடரல் ஊழியர் வழக்குகளில் வக்கீலாவது

அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களின் பணி வழக்குகளுக்கு வக்கீலாவது பற்றிய என் முந்தைய இழையில் அதிகம் கேட்கப்பட்டது: எந்த மாநில பார் உரிமம் வேண்டும்? ஏதாவது ஒன்று போதும். ஊழியர்களின் பணி மேல்முறையீடுகளைக் கேட்கும் வாரியமான எம்.எஸ்.பி.பி.யும் வேலையில் பாகுபாட்டுப் புகார்களைக் கேட்கும் ஆணையமான இ.இ.ஓ.சி.யும் மத்திய அமைப்புகள். அங்கே வக்கீல் அல்லாத தொழிற்சங்கப் பிரதிநிதிகூட வாதாடலாம். ஆகவே உரிமத்தால் மட்டும் ஆள் தேடி வரமாட்டார்கள்.

உண்மையான சரக்கு நாள் கணக்கில் இருக்கிறது. பாகுபாட்டுப் புகாரா, 45 நாளுக்குள் இ.இ.ஓ. (சம வேலைவாய்ப்பு) ஆலோசகரை அணுக வேண்டும். பணிநீக்கத்தை எதிர்த்து எம்.எஸ்.பி.பி. போக 30 நாள். இரண்டும் சேர்ந்த 'கலப்பு வழக்கில்' முறைப்படி முதலில் எங்கே தாக்கல் செய்கிறீர்களோ அதுவே உங்கள் தேர்வு. புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். வாரியத்தின் இறுதி முடிவுக்குப் பிறகும் பாதை பிரியும்: சாதாரண வழக்கு பெரும்பாலும் ஃபெடரல் சர்க்யூட் என்ற மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு, 60 நாள், கலப்பு வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்கு, 30 நாள். அந்த 60 நாள், தவறினால் வழக்கைக் கேட்கும் அதிகாரமே நீதிமன்றத்துக்கு இல்லாமல் போகும் வகைக் கெடு அல்ல என்று 2024 ஹாரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அதை நம்பிக் காலண்டரைத் தளர்த்த வேண்டாம்.

பழக அரசுத் துறைத் தரப்பே நல்ல இடம். சாட்சி விசாரணை சீக்கிரம் கைக்கு வரும், தண்டனையை எடைபோடும் 12 டக்ளஸ் காரணிகளும் மனப்பாடமாகும். வேடிக்கை என்னவென்றால், அந்த வக்கீல்களே 'எக்செப்டட் சர்வீஸ்', அதாவது வழக்கமான போட்டி முறைக்கு வெளியே நியமிக்கப்படுபவர்கள். படைவீரர் முன்னுரிமை இல்லாதவருக்குப் பொதுவாக 2 ஆண்டு தொடர் பணிக்குப் பிறகே எம்.எஸ்.பி.பி. மேல்முறையீட்டு உரிமை.

ஊழியர் தரப்பில் தனியாகக் கடை போடுபவர்கள் கட்டணத்தைக் கட்டம் கட்டமாக வாங்குங்கள். 2017 ஜனவரி முதல் 2022 மார்ச் வரை வாரியத்தில் கோரம் (முடிவெடுக்கத் தேவையான உறுப்பினர் எண்ணிக்கை) இல்லாமல் மறுஆய்வு மனுக்கள் தேங்கின. ஜெயித்த பிறகு வரும் கட்டணத்தை மட்டும் நம்பினால் அப்படியொரு காலத்தில் வாடகை கொடுக்க முடியாது.