17 அவுன்ஸா, 18.5 அவுன்ஸா? ஸ்னூக்கர் க்யூ வாங்க யோசனை சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. ரெண்டு வருஷமா கிளப்ல இருக்கிற க்யூவிலேயே (பந்தை அடிக்கிற குச்சி) ஆடிட்டு இருக்கேன். இப்பதான் சொந்தமா ஒண்ணு வாங்கலாம்னு முடிவு பண்ணேன், எடையில மாட்டிக்கிட்டேன்.

நான் வழக்கமா எடுக்கிற கிளப் குச்சியை மளிகைக் கடைத் தராசுல வெச்சுப் பார்த்தேன் (அண்ணாச்சி சிரிச்ச சிரிப்பு இருக்கே!). 525 கிராம், அதாவது சுமார் 18.5 அவுன்ஸ். 12 அடி மேசையில நீளமா அடிக்கிறப்போ ஆடாம நேராப் போகுது. ஆனா கறுப்புப் பந்துப் பக்கத்துல மெதுவாத் தொட்டு அடுத்த சிவப்புப் பந்துக்கு நிறுத்தணும்னா, வெள்ளைப் பந்து எப்பவும் ஒரு முழம் கூடுதலா ஓடிடுது.

நண்பரோட 17 அவுன்ஸ் ஆஷ் மர க்யூவுல ஒரு வாரம் ஆடினேன். மெதுவான அடியெல்லாம் அருமை. ஸ்க்ரூ (வெள்ளை மோதிட்டுப் பின்னாடி திரும்பி வர்ற அடி) அடிக்கும்போது மட்டும் வேகம் வேணும்னு கையை வீசிடுறேன், கோடு மாறிடுது.

இது எடையால மட்டும்தானா? கிளப் குச்சியை விரல்ல நிறுத்தினா பின்முனையிலிருந்து 16 அங்குலத்துல நிக்குது, நண்பரோடது 18. அதுல முன்பாரம் அதிகம். டிப் (பந்தைத் தொடுற தோல் முனை) ரெண்டுலயும் 9.5 மி.மீ.தான்.

17.5 மாதிரி எடுத்து, தேவைப்பட்டா பின்னாடி எடை சேர்த்துக்கலாமா? அப்படிச் சேர்த்தா பேலன்ஸ் கெட்டுடுமா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க. என் உயரம் 5 அடி 6, நீளம் 57 அங்குலம் போதும்னு நினைக்கிறேன். பட்ஜெட் 12,000 ரூபாய்.