‘பெரட்டுப் பலகை’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இலங்கை மலையகத்து ஹட்டனில் மாலை வகுப்பு நடத்தும் நாங்கள் ஐவர், சாதாரண தரப் பரீட்சைக்கான பாடக்குறிப்புகளைச் சேர்ந்து எழுத ஈதர்பேடையும், யார் எதைச் செய்வது என்று ஒழுங்குபடுத்த ட்ரெல்லோவையும் (இரண்டும் இணையக் கருவிகள்) இரண்டு மாதங்களாகப் பயன்படுத்திப் பார்க்கிறோம். முன்னதில் ஒவ்வொருவர் எழுதியதும் ஒவ்வொரு நிறத்தில் தெரிவதால், பிழை யாருடையது என்பது (பெரும்பாலும் என்னுடையது) உடனே அம்பலமாகிவிடுகிறது. அதற்குக் ‘கூட்டுக் குறிப்பேடு’ என்ற பெயர் தானாகவே அமைந்துவிட்டது. அமையாமல் நிற்பது, ட்ரெல்லோவில் வேலைக்கு ஒன்றாக இடும் அட்டைகளைச் ‘செய்யவேண்டியவை’, ‘நடப்பவை’, ‘முடிந்தவை’ என்னும் நிரல்களுக்கிடையே நகர்த்தும் பலகையின் பெயர்தான்.

‘பணிப்பலகை’ என்றால் கணினித் திரையின் அடியிலுள்ள ‘பணிப்பட்டை’யோடு குழம்புகிறது. ‘கன்பான்’ என்றே எழுதலாம் என்கிறார் பண்டாரவளை ஐயா. டொயோட்டாவில் தையிச்சி ஓனோ வளர்த்தெடுத்த முறையில், எந்த உதிரிப்பாகம் எவ்வளவு தேவை என்று முந்திய கட்டத்துக்கு அறிவித்த அட்டைதான் கன்பான். சொல்லின் பொருளோ வெறும் பெயர்ப்பலகை. ஜப்பானியர் தம் கடைத்தெருச் சொல்லை எடுத்தாண்டது போல நாமும் நம் தேயிலைத் தோட்டத்துச் சொல்லை எடுத்தாளலாமே!

என் பரிந்துரை ‘பெரட்டுப் பலகை’. தோட்டத் தொழிலாளர் வேலைக்கு முன் ஒன்றுகூடுவதுதான் பெரட்டு. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடியதும், கொழுந்து பறிக்க எந்த மலை, கவ்வாத்துக்கு (செடியை வெட்டிவிட) யார், கான் (வடிகால்) வெட்ட எத்தனை பேர் என்று வேலை பிரித்துவிடப்படுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

‘பெரட்டு’ என்பது ஆங்கிலப் ‘பரேட்’டின் திரிபு என்ற தடை எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை, போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சாவியையும் அலமாரியையும் நாம் திருப்பிக் கொடுத்துவிடவில்லை. அதிகார நெடி வீசுகிறது என்பதுதான் கனமான தடை. பிந்தி வந்து பெரட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட நாட்களை நினைத்து என் அம்மாவே இச்சொல்லுக்கு முகம் சுளித்தார். ஆனால் எங்கள் பலகையில் எவரும் எவரையும் ஏவுவதில்லை. அவரவர் அட்டையை அவரவரே எடுத்துக்கொள்கிறோம். பெயர் பழையதாயினும் களம் நம்முடையது என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன்; பதில் வரவில்லை.

அட்டையை ஒருவரிடம் ஒப்படைப்பதைப் ‘பேர் போடுதல்’ எனலாம் என்ற யோசனையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தோட்டத்தில் பேர் விழுவது, அதாவது ஒரு நாள் சம்பளம் பதிவாவது, கொழுந்து நிறுத்து, கணக்குச் சரியாக வந்த பின்னர்தான், குறைந்தால் அரைப்பேர். ஒப்படைப்பதற்குப் ‘பொறுப்பிடல்’ போதும். அட்டை ‘முடிந்தவை’ நிரலைச் சேரும்போது ‘பேர் விழுந்தது’ என்பதே பொருத்தம். அந்தக் கணக்கில், பாதி எழுதிய என் விஞ்ஞானப் பாட அட்டை மூன்று வாரங்களாக அரைப்பேரில் நிற்கிறது.