பிபிஎம் (வேலை ஓட்ட மேலாண்மை) மென்பொருள் போட்டும் ஜாப் ஒர்க் பில் வாட்ஸப்பில்தான் ஓடுகிறது, எங்கே கோளாறு?

நூல்கண்டு:
வணக்கம். திருப்பூரில் நடுத்தர அளவு பனியன் ஏற்றுமதி நிறுவனம். நிட்டிங், டையிங், பிரிண்டிங் எல்லாம் வெளி யூனிட்களில் கூலிக்குச் செய்யும் ஜாப் ஒர்க்தான். ஆலோசகர் ஒருவரை வைத்து எல்லாத் துறைக்கும் பிபிஎம்என் வரைபடம் (வேலை எந்தெந்தப் படியாக நகர்கிறது என்று காட்டும் படம்) போட்டோம், அப்புறம் ஒர்க்ஃப்ளோ மென்பொருளும் வாங்கினோம். முதலில் ஏற்றியது ஜாப் ஒர்க் பில். பில் பதிவு, ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் சரிபார்ப்பு, ஃபேப்ரிக் மேனேஜர் ஒப்புதல், அக்கவுண்ட்ஸ், பேமென்ட். அவ்வளவுதான் பாதை.

டாஷ்போர்டு ஒரு பில்லுக்குச் சராசரி 4 நாள் என்று பச்சையாகக் காட்டுகிறது. டையிங்காரர்களோ இரண்டு மாசமாகப் பணம் வரவில்லை என்று நேராக முதலாளிக்கே போன் போடுகிறார்கள். அவர் அக்கவுண்ட்ஸுக்கு வாட்ஸப்பில் "இதை விட்டுரு" என்கிறார். பணம் போய்ச் சேர்ந்த பிறகுதான் மென்பொருளில் ஒப்புதல் ஏறுகிறது. பெரும்பாலான ஒப்புதல்கள் சாயங்காலம் 6 மணிக்கு மேல், நிமிடத்துக்கு ஒன்றாக வரிசையாக விழுகின்றன.

ஆலோசகரைக் கேட்டால், "பிராசஸ் முதிர்ச்சிக்கான ஐந்து நிலைகளில் நீங்கள் இரண்டாம் நிலை. மூன்றுக்குப் போகப் பயிற்சி வேண்டும், கூடவே அடுத்த மாட்யூலும்" என்கிறார். பயிற்சிதான் குறையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கரூர்க்காரன்:
நோய் உங்கள் பதிவிலேயே இருக்கிறதுங்க. முதலாளியின் வாட்ஸப். மென்பொருள் எண் இல்லாமல் ஒரு ரூபாய்கூட வெளியே போகாது என்று அவர் வாயாலேயே ஒரு நாள் சொல்ல வையுங்கள். நாங்கள் பெட்ஷீட் யூனிட்டில் அப்படித்தான் செய்தோம். முதல் இரண்டு வாரம் கூச்சல், அப்புறம் அடங்கிவிட்டது.

அம்பத்தூர்_ஃப்ளோ:
கரூர் அண்ணா சொல்வதைக் கடைசியில் செய்யலாம். இப்போதே அந்த வழியை அடைத்தால் டையிங்காரர் அடுத்த லாட்டை (துணித் தொகுதியை) மெஷினில் ஏற்ற மாட்டார், ஷிப்மென்ட் தவறும், பழி மென்பொருள் மேல் விழும். முதலாளி குறுக்கே வருகிறார் என்றால் நேர்வழி எங்கேயோ அடைத்திருக்கிறது. அதைத்தான் முதலில் தேட வேண்டும்.

அந்த 4 நாள் எங்கிருந்து எண்ணப்படுகிறது? நிச்சயமாக "பில் பதிவு" என்ற பொத்தானிலிருந்து. டையிங்காரர் எண்ணுவது துணியை இறக்கிய நாளிலிருந்து. ஒரு வேலை செய்யுங்கள். மென்பொருளின் லாக்கை எக்செலில் எடுங்கள். பில் எண், படி, யார், எந்த நேரம் என்ற நான்கு பத்தி போதும். அதோடு துணி உள்ளே வந்த தேதி, பில்லில் உள்ள தேதி இரண்டையும் கேட் ரிஜிஸ்டரைப் பார்த்துக் கையால் சேருங்கள். 30 பில் எடுத்தாலே உண்மை தெரிந்துவிடும். லாக்கிலிருந்தே வேலையின் உண்மையான பாதையைக் கண்டுபிடிக்கும் பிராசஸ் மைனிங்குக்கு ஐந்தோவன் பல்கலைக்கழகத்தில் உருவான புரோம் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் உங்களுக்கு இப்போது பிவட் டேபிளே தாராளம்.

இன்னொரு கணக்கு. தேங்கியிருக்கும் பில் எண்ணிக்கையை ஒரு நாளில் முடியும் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு வரும். ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி இது. 200 பில் தேங்கி நாளுக்கு 8 தான் முடிகிறது என்றால் 25 வேலை நாள், டாஷ்போர்டு எந்த நிறத்தில் இருந்தாலும் சரி. மேசை இழுப்பறைகளில் இருப்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

நூல்கண்டு:
எண்ணினேன். நீங்கள் சொன்னதுதான் நடந்திருக்கிறது. துணி இறங்கிய நாளிலிருந்து மென்பொருளில் ஏறும் வரை பாதிக்கு மேற்பட்ட பில்களுக்கு ஒரு மாதத்தைத் தாண்டுகிறது. உள்ளே ஏறிய பிறகு உண்மையிலேயே 4 நாள்தான்.

மெர்ச்சண்டைசர்களிடம் உட்கார்ந்து பேசினேன். காரணம் சோம்பல் இல்லை. அனுப்பிய கோரா (சாயம் போடாத துணி) எடைக்கும் சாயம் போட்டு வந்த எடைக்கும் வித்தியாசம், பேசின பிராசஸ் லாஸைவிட (சாயமிடும்போது குறையும் எடையைவிட) அதிகமாக இருக்கும். இல்லையென்றால் ஷேடு (நிறச் சாயல்) ஒத்திருக்காது. மென்பொருளில் இருப்பதோ ஏற்பு, நிராகரிப்பு என்ற இரண்டே பொத்தான். நிராகரித்தால் கேஸ் (மென்பொருள் தொடங்கி முடியும் வரை பின்தொடரும் ஒரு பதிவு) மூடிவிடும், டையிங்காரர் புது பில் போட வேண்டும், அவர் போட மாட்டார். அதனால் பேச்சுவார்த்தை முடியும் வரை பில்லை மேசைக்குள் வைத்திருந்து, எல்லாம் பேசி முடித்த பிறகுதான் பதிவே செய்கிறார்கள்.

ஒரு சிக்கல்: ஒரு டிசியில் (துணியோடு போகும் டெலிவரி சலானில்) போன துணி மூன்று தவணையாகத் திரும்புகிறது, ஒரு பில்லில் நாலு டிசி சேர்ந்து வருகிறது. எதைக் 'கேஸ்' என்று எடுப்பது?

கணக்குப்பிள்ளை:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், நான் அக்கவுண்ட்ஸ். உங்கள் டையிங் யூனிட்கள் அரசின் உத்யம் பதிவில் குறு, சிறு நிறுவனங்களாக இருந்தால் இது வெறும் டாஷ்போர்டு பிரச்சினை இல்லைங்க. எம்எஸ்எம்இடி (குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டு) சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். அந்தக் கடிகாரம் உங்கள் பதிவுப் பொத்தானில் தொடங்குவதில்லை. வேலை முடிந்து ஒப்படைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், ஒப்படைத்த நாளே ஏற்ற நாள். போனில் போட்ட சண்டை கணக்கில் வராது.

கெடு தாண்டினால் மாதாமாதம் கூட்டு வட்டி, ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு. அந்த வட்டியையும் செலவாகக் காட்ட முடியாது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரியில் 43பி எச் பிரிவு வேறு வந்தது. கெடு தாண்டி மார்ச் 31இல் நிலுவையில் நிற்கும் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது, பணம் கொடுத்த ஆண்டில்தான். முதலாளியிடம் முதிர்ச்சி நிலை பற்றிப் பேசாதீர்கள், இதைப் பேசுங்கள்.

அம்பத்தூர்_ஃப்ளோ:
கணக்குப்பிள்ளை சொன்னது தங்கம். உங்கள் கடிகாரம் எங்கே தொடங்க வேண்டும் என்பதைச் சட்டமே சொல்லிவிட்டது. கேஸ் என்பது டிசியும் இல்லை, பில்லும் இல்லை. உள்ளே இறங்கும் ஒவ்வொரு லாட்டும் ஒரு கேஸ். செக்யூரிட்டி கேட்டில் எடை பதியும்போதே அது திறந்துவிட வேண்டும். பில் எத்தனை சேர்ந்து வந்தாலும் லாட்டுகளோடு இணைத்துக்கொள்ளலாம்.

உங்கள் வரைபடத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தால் என்ன என்பது மட்டும்தான் இருக்கிறது. டையிங்கில் ஒழுங்காக நடக்காததுதான் பாதி வேலை. ஏற்பு, நிராகரிப்பு நடுவில் "பகுதி ஏற்பு" வேண்டும். துணி வகை, கலர் வாரியாகப் பேசின பிராசஸ் லாஸ் அனுப்பும் டிசியிலேயே அச்சாகட்டும். அந்த அளவுக்குள் வந்தால் மெர்ச்சண்டைசர் கையே படாமல் பில் நகரட்டும். மிஞ்சிய எடைக்கு மட்டும் டெபிட் நோட் (தொகையைக் கழிக்கும் சீட்டு), தகராறு இல்லாத தொகை உடனே போகட்டும். ஆட்சேபம் இருந்தால் மென்பொருளே 15 நாளுக்குள் எழுத்தில் அனுப்பட்டும்.

அப்புறம் மிக முக்கியமானது. இந்தப் பாதை முழுவதற்கும் யார் பொறுப்பு? நீங்கள் சொன்னதில் படிக்கு ஒருவர் இருக்கிறார், முழுசுக்கு யாருமில்லை. ஆள் இல்லாமல் மூன்றாம் நிலை என்பது சும்மா சான்றிதழ். அந்த ஐந்து நிலைப் படிக்கட்டு கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் மென்பொருள் வேலைக்காக வந்தது, ஓஎம்ஜி என்ற தரநிலை அமைப்பு 2008இல் பிசினஸ் பிராசஸுக்கென்று ஒன்றை வெளியிட்டது. இரண்டாம் நிலை கெட்ட இடம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பிரிவும் தன் வேலையைத் தன்னளவில் கட்டுக்குள் வைத்தால் அதுவே இரண்டு. நீங்கள் அதற்குக்கூட இன்னும் வரவில்லை என்பது என் கருத்து. அடுத்த மாட்யூலுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கரூர்க்காரன்:
பொறுப்பை அக்கவுண்ட்ஸ் தலையிடம் கொடுங்கள். பணம் அங்கேதானே.

கணக்குப்பிள்ளை:
வேண்டாங்க சாமி. ஷேடு சரியா இல்லையா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? எங்களிடம் கொடுத்தால் எல்லாவற்றையும் நிறுத்தித்தான் வைப்போம்.

நூல்கண்டு:
முதலாளியிடம் வரிக் கணக்கைக் காட்டியதும் பேச்சே மாறிவிட்டது. ஃபேப்ரிக் மேனேஜர்தான் இனி முழுப் பொறுப்பு, லாஸ் அளவை மாற்றும் அதிகாரமும் அவருக்கே. அவசரத்துக்கு முதலாளி பணம் விடலாம், ஆனால் காரணத்தைத் தேர்ந்தெடுத்து மென்பொருளில்தான் விட வேண்டும். மாதக் கடைசியில் அந்தக் காரணங்களை மட்டும் உட்கார்ந்து பார்க்கிறோம். மற்றத் துறை வரைபடங்களை இப்போதைக்குத் தொடவில்லை. கேட்டில் பதிவு தொடங்கியதும் டாஷ்போர்டு சிவப்பாகிவிட்டது. ஆலோசகருக்கு வருத்தம்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. ஷேடு தப்பி மறுசாயத்துக்குத் திரும்பிப் போகும் லாட் அதே கேஸா, புதுக் கேஸா?

அம்பத்தூர்_ஃப்ளோ:
அதே கேஸ். புதிதாகத் திறந்தால் நாள் கணக்கு மறுபடி சுழியத்தில் தொடங்கிவிடும், மறுசாயம் எத்தனை முறை நடக்கிறது என்பதும் தெரியாமல் போகும். ஆட்சேபம் எழுத்தில் போன தேதி, சரியான துணி திரும்பி வந்த தேதி இரண்டையும் அதே கேஸில் தனிப் படியாகப் பதியுங்கள், 45 நாள் கணக்குக்கு அந்தத் தேதிகள் வேண்டும். திரும்பப் போகும்போது டிசி எண் மட்டும் புதிது.