நிற்கும் ஃப்ரீசரைப் பியர்ப் பெட்டியாக மாற்றியவர்களின் அனுபவங்கள்

மினியாபொலிஸிலிருந்து:

வீட்டில் காய்ச்சும் பியரைப் பாட்டிலில் அடைப்பதை விட்டுவிட்டு ஐந்து கேலன் கெக்குக்கு (அழுத்தம் தாங்கும் உலோகக் கலனுக்கு) மாறியவர்கள், அடுத்ததாகக் கெக்குகளைக் குளிர்ச்சியாக வைத்துக் கதவிலேயே குழாய் பொருத்தி ஊற்றிக்கொள்ள ஒரு பெட்டியைத் தேடுவார்கள். அதற்குப் பழைய ஃப்ரிட்ஜையோ, மேலே மூடியுள்ள படுக்கை ஃப்ரீசரையோ எடுப்பதுதான் வழக்கம்; நிற்கும் ஃப்ரீசர் பக்கம் போகவே வேண்டாம் என்றுதான் எனக்கும் சொன்னார்கள். அந்த எச்சரிக்கை ஒரு வகை நிற்கும் ஃப்ரீசருக்கு முழுவதும் பொருந்தும். மற்றொரு வகைக்குச் சிறிதும் பொருந்தாது. வாங்கும் முன்பே இதை அறிந்திருந்தால் பணமும் மிஞ்சும், பெட்டியும் பிழைக்கும்.

கையால் பனி நீக்க வேண்டிய நிற்கும் ஃப்ரீசர்களில் பெரும்பாலானவற்றில் தட்டுகளே குளிரூட்டும் குழாய்களாகும். தட்டின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தால், மெல்லிய உலோகக் குழாய் வளைந்து வளைந்து ஓடிப் பின்சுவருக்குள் போவது தெரியும். அதைக் கழற்ற முடியாது. அறுத்தால் குளிரூட்டும் வாயு வெளியேறி, பெட்டி வெறும் அலமாரியாகிவிடும். தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசரில் இந்தக் குழாய்கள் பின்பலகைக்குள் மறைந்திருக்க, ஒரு சிறு விசிறி குளிர்காற்றைப் பெட்டிக்குள் தள்ளும். தட்டுகளை இழுத்தாலே கையோடு வந்துவிடும். நான் தேடி வாங்கியது இவ்வகையில் 17 கன அடி கொள்ளளவுள்ள, கையால் திருகும் தெர்மோஸ்டாட் உள்ள பழைய பெட்டி. மின்னணுப் பலகையும் எச்சரிக்கை மணியும் உள்ள புதிய பெட்டியைத் தவிர்த்ததற்குக் காரணம் உண்டு: நாம் வைக்கப்போகும் நான்கு டிகிரி வெப்பநிலையில், உள்ளே இருக்கும் இறைச்சி உருகுகிறது என்று எண்ணி அது ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும்.

முன்பு குளிர்பானக் கடைகளில் புழங்கிய கொர்னீலியஸ் கெக் ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் விட்டமும் 60 சென்டிமீட்டருக்குச் சற்று முன்பின்னான உயரமும் கொண்டது. அகலத்தை மட்டும் அளந்து, நான்கு கெக்குகள் அடங்கும் என்று கணக்கிட்டுவிடக் கூடாது. அடிப்பகுதியில் கம்ப்ரஸர் இருக்கும் மேடு ஆழத்தை விழுங்கிவிடும். ஆகவே, வாங்கப் போகும்போது அந்த விட்டத்தில் வெட்டிய அட்டை வட்டங்களை எடுத்துச் சென்று தரையில் பரப்பிப் பார்த்தேன். விற்றவர் என்னை விசித்திரமாகத்தான் பார்த்தார். நிறைந்த கெக் ஏறத்தாழ 23 கிலோ எடை இருக்குமாதலால், நான்கையும் பிளாஸ்டிக் தரை தாங்கும் என்று நம்பாமல் தடித்த பிளைவுட் பலகை ஒன்றை அடியில் விரித்துள்ளேன். மேல்பாதி முழுவதும் எனக்கு மிச்சம். அங்கே ஹாப்ஸ், ஈஸ்ட், கண்ணாடிக் கோப்பைகள் எல்லாம் இருக்கின்றன. படுக்கை ஃப்ரீசரில் இந்த வசதி கிடையாது.

துளையிடுவதற்குக் கதவே பாதுகாப்பான இடம். நிற்கும் ஃப்ரீசர்கள் பலவற்றில் வெப்பத்தை வெளியேற்றும் குழாய்கள் பக்கச் சுவர்களுக்குள் புதைந்திருக்கும். ஓடும்போது சுவரில் கை வைத்தால் சூடு தெரியும். கதவுச் சட்டத்தைச் சுற்றியும், வியர்க்காதிருக்க ஒரு சூடான குழாயை ஓட்டியிருப்பார்கள். கதவுக்குள் பொதுவாக நுரைப்பஞ்சைத் தவிர வேறொன்றும் இராது. கதவிலேயே திரையோ விளக்கோ உள்ள மாதிரியானால் மட்டும் அதன் கம்பி எங்கே ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெளித்தகட்டில் காகித நாடா ஒட்டி, 25 மில்லிமீட்டர் துளை ரம்பத்தால் முதலில் தகட்டையும் பிறகு நுரையையும் கடைசியில் உள்பிளாஸ்டிக்கையும் மெதுவாகத் துளைத்தேன். உள்பக்கத்தில் கதவுத் தட்டுகளுக்கான புடைப்புகள் இருப்பதால் துளை வரும் இடத்தின் தடிமனை அளந்த பின்னரே ஷாங்க், அதாவது கதவை ஊடுருவி ஊற்றுக்குழாயைத் தாங்கும் உலோகத் தண்டு, வாங்க வேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பத்து சென்டிமீட்டர் நீளம் சில கதவுகளுக்குப் போதாது. குழாயின் பிடியை இழுக்க இழுக்க உள்பிளாஸ்டிக் குழிந்துவிடும் என்பதால், பின்னால் ஒரு பலகை வைத்து இறுக்குவது நல்லது.

ஃப்ரீசரின் சொந்தத் தெர்மோஸ்டாட் மைனஸ் 18 டிகிரிக்காக அமைந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, மின்சாரத்தை இங்க்பேர்ட் 308 போன்ற வெளிக் கட்டுப்படுத்தி வழியாகக் கொடுத்தால் போதும். அதன் உணரியைக் காற்றில் தொங்கவிடாமல், கெக்கின் பக்கவாட்டில் ஒட்டி மேலே ஒரு துண்டு நுரைப்பஞ்சைக் கட்டிவிட்டால், கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கம்ப்ரஸர் ஓடாது. கம்ப்ரஸர் நின்றபின் மீண்டும் ஓடச் சில நிமிட இடைவெளியையும் அமைத்துக்கொள்ள வேண்டும்; உடனுக்குடன் தட்டி எழுப்பினால் அதன் ஆயுள் குறையும். பனி நீக்கும் கடிகாரம் குளிரூட்ட வேண்டிய நேரத்தில் சூடேற்றியை இயக்கிவிடுமே என்று சிலர் அஞ்சுகிறார்கள். இயக்கத்தான் செய்கிறது, ஆனால் அரைமணி நேரத்துக்கு உட்பட்ட அந்தச் சூடு, எழுபது லிட்டருக்கு மேற்பட்ட குளிர்ந்த பியரை ஒன்றும் செய்வதில்லை.

எங்கள் ஊரில் சிக்கல் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. ஜனவரியில் கராஜ் மைனஸ் இருபதுக்கு இறங்கும்போது, ஐந்து விழுக்காடு ஆல்கஹால் உள்ள பியர் மைனஸ் இரண்டு மூன்று டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும். அந்தக் கட்டுப்படுத்தியில் குளிரூட்ட ஒன்றும் சூடேற்ற ஒன்றுமாக இரண்டு செருகுவாய்கள் இருப்பது இதற்கு உதவுகிறது. இரண்டாவதில் சிறிய சூடேற்றி ஒன்றைச் செருகி உள்ளே வைத்திருப்பதால், மார்ச் வரை என் ஃப்ரீசர் பெரும்பாலும் ஹீட்டராகத்தான் வேலை செய்கிறது.

ஒஹாயோவிலிருந்து:

தட்டுகளைப் பற்றி மேலே எழுதப்பட்டதற்கு நானே சாட்சி. பக்கத்து வீட்டுக்காரர் தமக்கு இலவசமாகக் கிடைத்த ஃப்ரீசரின் நடுத்தட்டை இரும்பு அறுக்கும் வாளால் அறுத்தபோது நான் அருகில் இருந்தேன். சீறல் கேட்ட சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது. அது பழைய பெட்டி. உள்ளே இருந்தது எரியாத வாயு. இப்போது வரும் ஃப்ரீசர்கள் பலவற்றில் ஆர்-600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன் இருக்கிறது. அது எரியும் வாயு. பின்பக்க ஒட்டுத்தாளில் அந்தப் பெயரும் தீச்சின்னமும் இருந்தால், துளையிடும் கருவியைக் கையில் எடுக்கும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். குழாயுள்ள தட்டை அறுக்காமல் கீழ்நோக்கி வளைத்துச் சமாளித்தவர்களும் உண்டு. அலுமினியக் குழாய் எந்த வளைவில் பிளக்கும் என்று யாராலும் சொல்ல முடியாதாகையால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹூஸ்டனிலிருந்து:

எங்கள் ஊரில் குளிர் தொல்லை இல்லை, ஈரம்தான் தொல்லை. மைனஸ் 18-இல் ஓடும் ஃப்ரீசருக்குள் வரும் ஈரம் பனியாகக் குளிரூட்டும் குழாயில் படிந்துவிடும். நான்கு டிகிரியில் ஓடும்போது அது நீராகவே நின்று சுவரில் வழியும். முதற்கோடையிலேயே கதவோர ரப்பரான கேஸ்கட்டின் மடிப்புகளில் கரும்பூஞ்சை பூத்தது. கால்சியம் குளோரைடு நிரப்பிய ஈர உறிஞ்சி டப்பாவை வைத்ததும் சில நாட்களில் அதன் அடியில் நீர் தேங்கிநின்றதைப் பார்த்தபோதுதான், கதவைத் திறக்கும்போதெல்லாம் எவ்வளவு ஈரத்தை உள்ளே விட்டிருக்கிறேன் என்பது விளங்கியது. அந்த உப்புநீர் உலோகத்தை அரிக்கும் என்பதால் டப்பாவைச் சாயாத இடத்தில் வைக்க வேண்டும். மின்சாரத்தில் சூடாக்கி மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் சிலிக்கா ஜெல் பெட்டிக்கு மாறிய பிறகு அந்த வேலையும் குறைந்துவிட்டது.

நிற்கும் ஃப்ரீசருக்கே உரிய இன்னொரு தொல்லை, முதல் கோப்பை முழுவதும் நுரையாக வருவது. குளிர்காற்று கீழே தங்கிவிடுவதால் கெக் நான்கு டிகிரியில் இருந்தாலும், மார்பளவு உயரத்தில் கதவில் இருக்கும் ஷாங்கும் அதற்குப் போகும் குழாயும் சில டிகிரி வெதுவெதுப்பாக இருக்கும். அங்கே வந்ததும் பியரில் கரைந்திருக்கும் வாயு பிரிந்து நுரையாகிவிடும். கம்ப்ரஸர் நிற்கும்போது உள்விசிறியும் நின்றுவிடுவதால், அதை நம்பிப் பயனில்லை. பழைய கணினியின் 12 வோல்ட் விசிறியை அடியில் வைத்து, ஷாங்கை நோக்கிக் காற்றை ஊதும்படி எப்போதும் ஓடவிட்டேன். நுரை வெகுவாகக் குறைந்தது.

மிச்சத்தைக் குழாயின் நீளம் பார்த்துக்கொள்கிறது. நான்கு டிகிரியில், பியரைத் தள்ளும் கார்பன் டை ஆக்சைடுக்கு 12 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு) அழுத்தம் வைத்தால், ஒரு பங்கு பியரில் ஏறத்தாழ இரண்டரைப் பங்கு வாயு கரையும். பேல் ஏல் என்ற பியர் வகைக்கு இது சரியான அளவு. நுரை வருகிறதே என்று அழுத்தத்தைக் குறைப்பவர்கள் இரண்டு வாரத்தில் சப்பென்ற பியரைக் குடிக்க நேரும். அழுத்தத்தைத் தொடாமல், உள்விட்டம் 3/16 அங்குலமுள்ள குழாயைப் பத்து அடிக்கு நீட்டிச் சுருட்டி வைப்பதே முறை. ஊற்றுவது சற்று மெதுவாகும், அவ்வளவுதான். அதே குழாயை இரண்டு வாரத்துக்கொருமுறை காரக் கரைசலால் கழுவுமாறு அமெரிக்காவின் பிரூவர்ஸ் அசோசியேஷன் மதுக்கூடங்களுக்குச் சொல்கிறது. வீட்டுக்கு அது மிகை என்று நினைப்பவர்கள், குழாய்முனையைக் கழற்றி உட்புறத்தை விரலால் துடைத்துப் பார்க்கலாம்.

மெல்பர்னிலிருந்து:

நான் படுக்கை ஃப்ரீசரில் மரச்சட்டம் பொருத்திப் பல ஆண்டுகள் பயன்படுத்திய பிறகே நிற்கும் ஃப்ரீசருக்கு வந்தேன். காரணம் என் முதுகு. 23 கிலோ கெக்கை இடுப்புக்கு மேலே தூக்கிக் குனிந்து உள்ளே இறக்கும் வேலை ஐம்பதைக் கடந்தவர்களுக்கு ஆகாது. இதில் தரையோடு நகர்த்தி உள்ளே தள்ளிவிடலாம். கதவைத் திறந்தால் குளிர் கீழ்வழியே கொட்டிவிடும் என்பது உண்மைதான். ஆனால் குழாய் கதவில் இருக்கும்போது அதைத் திறக்க வேண்டிய தேவை எவ்வளவு?

எல்லோரும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐந்து பவுண்டு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் முழுவதும் கசிந்தால் ஒரு கன மீட்டருக்கு மேற்பட்ட வாயு வரும். காற்றைவிடக் கனமான அது, இறுக மூடிய பெட்டிக்குள் தங்கியிருந்து கதவைத் திறந்ததும் கீழே வழியும். சன்னலில்லாத சிறிய அறையில் அந்த அளவே உயிருக்கு ஆபத்தாகலாம். கராஜ் என்றால் பெரிய கதவைத் திறந்துவைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்து உள்ளே போக வேண்டும். பாதாள அறை என்றால் கார்பன் டை ஆக்சைடு அளவைக் காட்டும் கருவியொன்றைத் தரைக்கு அருகில் மாட்டுவது நல்லது. கார்பன் மோனாக்சைடு கருவி இதற்கு உதவாது; அது அளப்பது வேறொரு வாயுவை.

சிலிண்டரை உள்ளே வைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். நிமிர்த்தி வைத்தால் தாராளமாக வைக்கலாம். குளிர்ந்ததும் அழுத்தமானியின் முள் வெகுவாக இறங்கும். உள்ளே திரவம் இருக்கும்வரை அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே சார்ந்திருப்பதால், அதைப் பார்த்துச் சிலிண்டர் காலியாகிவிட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம். எவ்வளவு மிச்சம் என்பதை எடைபோட்டுத்தான் அறிய முடியும். கெக்கை மாற்றும் ஒவ்வொரு முறையும் எல்லா இணைப்புகளிலும் சோப்பு நீரைத் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு கதவை மூடுங்கள்.