புதுப்பிப்பு: விண்ட்சர்ஃபிங் பயணம், தீவு முடிவாகிவிட்டது

நண்பர்களோடு குறைந்த செலவில் விண்ட்சர்ஃபிங் (பாய் கட்டிய பலகையில் நின்று காற்றில் கடலில் செல்லும் விளையாட்டு) போக கரீபியன் தீவான போனேர் நல்லதா, பிலிப்பைன்ஸ் தீவான போராகாய் நல்லதா என்று முன்பு கேட்டிருந்தேன். போராகாய்தான்.

போனேரைக் கைவிட மனசே இல்லை. அங்குள்ள லாக் விரிகுடாவில் இடுப்பளவு தண்ணீர், ஆண்டின் பெரும்பகுதி வீசும் வியாபாரக் காற்று. விழுந்தால் அப்படியே எழுந்து நிற்கலாம். ஆனால் எங்களுக்கு விமானக் கட்டணமே பட்ஜெட்டை விழுங்கிவிடும்.

போராகாயில் சுமார் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்று, அங்கே அமிஹான் என்பார்கள். கிழக்குக் கரையிலுள்ள புலாபோக் கடற்கரையில் அது நேராக வந்து அடிக்கும். அதே சமயம் மேற்குக் கரை அமைதியாக இருக்கும் என்பதால், பலகை பக்கமே வராத இருவருக்கும் நீச்சல் உறுதி. புத்தாண்டுக் கூட்டம் கலைந்தபின், ஜனவரிக் கடைசியில் போகிறோம்.

பலகை, பாய் எல்லாம் அங்கேயே வாடகைக்கு. மாஸ்டை, அதாவது பாயைத் தாங்கும் நீளமான கம்பத்தை, விமானத்தில் ஏற்றும் யோசனையைச் சொன்ன நண்பர் இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஹார்னஸும் (பாயோடு கொக்கியால் மாட்டிக்கொள்ளும் இடுப்புப் பட்டை) காலணியும் மட்டும் எடுத்துப் போகிறோம். கற்றுக்கொள்பவர்களுக்குப் பெரிய பலகை, சின்னப் பாய், அதுவும் இரண்டு பேருக்கு ஒன்று. பாயைத் தண்ணீரிலிருந்து தூக்கித் தூக்கியே கை ஓய்ந்துவிடும், மாறி மாறி ஏறினால் போதும்.

அப்புறம், தங்க சமையலறையுள்ள வீடு தேடிக்கொண்டிருக்கிறோம். கரைக்கு நடந்துபோகும் தூரத்தில் இன்னும் அமையவில்லை.