உடுப்பு போனது, நான் போகவில்லை

நாட்டு எல்லையில் மாட்டிக்கொண்டவர்கள் கதை நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் மாட்டியது மாகாண எல்லையில். சொந்த வீட்டுக்குப் போகிற வழியில்.

2021 மே மாதம் இலங்கையில் கொரோனாவுக்காக மாகாணம் விட்டு மாகாணம் போவதை நிறுத்தினார்கள். நடுவில் கொஞ்ச நாள் தளர்த்தி, மறுபடி இறுக்கி, ஒக்டோபர் கடைசி வரை இழுத்தார்கள். எனக்கு வேலை கொழும்பு புறக்கோட்டைப் புடவைக் கடையில், வீடு மலையகத்தில் மஸ்கெலியா பக்கத் தேயிலைத் தோட்டத்தில். தீபாவளி நவம்பர் 4. அம்மாவுக்குச் சேலை, தங்கச்சி பிள்ளைகளுக்கு உடுப்பு எல்லாம் ஓர் உரப்பையில் கட்டிக்கொண்டு ஒக்டோபர் நடுவில் கிளம்பிவிட்டேன்.

கொழும்பிலிருந்து வந்தால் இரண்டு எல்லை. அவிசாவளையோடு மேல் மாகாணம் முடிகிறது. பஸ்ஸும் அங்கேயே முடிந்தது. இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்து, அடுத்த மாகாணமான சப்ரகமுவ பஸ் பிடித்துக் கித்துல்கல வந்தேன். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. (கண்டி ராச்சியக் காலத்தில் உப்பும் கருவாடும் மேலே ஏறி, பாக்கு கீழே இறங்கியதும் இந்த அவிசாவளை, அதாவது பழைய சீதாவக்கைப் பக்கமாகத்தான். அப்போதும் காவல் இருந்ததாம்.)

மத்திய மாகாணம் தொடங்கும் இடத்தில்தான் காவலில் நின்றவர் பிடித்தார். "மல்லி (தம்பி), திரும்பிப் போ." எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. சரி, அவருக்கும் மேலே அதிகாரி இருப்பாரே.

ரோட்டோரப் பெட்டிக்கடையில் பிளேன்டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கடைக்கார நோனா கித்துள் பனைப் பாணிப் போத்தல்களை வரிசையாக அடுக்கியிருந்தார், வாங்கத்தான் ஆள் இல்லை. வெள்ளைக்காரர் ரப்பர் படகு விடும் ஆறு வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் அந்தக் களனி கங்கை. எங்கள் ஊர்த் தண்ணீர் பாஸ் இல்லாமல் அம்பத்தளை வரை போய், சுத்தமாகி, கொழும்பில் என் அறைக் குழாயில் வருகிறது. எனக்குத்தான் பாஸ் வேண்டும்.

மரக்கறி லொறிகளுக்குத் தடை இல்லை. கரட், லீக்ஸ், கோவா எல்லாம் கொழும்புப் பக்கம் பேலியகொடைச் சந்தைக்கு இறங்கும். திரும்பும்போது வெறும் கூடைகளோடு தேங்காயும் ஏறும், மேலே குளிரில் தென்னை காய்க்காது. அப்படித் திரும்பிய ஒரு லொறி டீக்கு நின்றது. டிரைவர் தலவாக்கலைக்காரர்.

"அண்ணே, என்னையும் ஏத்திக்கங்க."

"தம்பி, கரட்டுக்குத்தான் பாஸ் இருக்கு. நீ கரட்டா?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அவரே உரப்பையைப் பார்த்து, "அதைக் குடு" என்றார். கூடைகளுக்கு நடுவே செருகி, மேலே தேங்காய் மூட்டையை வைத்தார். நோர்வூட்டில் எங்கள் ஊர் ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. டீக்காசை மட்டும் கொடுக்கவிட்டார்.

லொறி வளைவில் மறையும் வரை பார்த்துவிட்டுக் கீழே வந்த வழியே திரும்பினேன். ராத்திரி அம்மா போன் எடுத்தார். உடுப்பு வந்துவிட்டதாம், ஒன்றும் குறையவில்லையாம்.

31ஆம் திகதி தடையை எடுத்தார்கள். மறுநாளே ஊருக்குப் போய்விட்டேன். அம்மா சேலையை இரண்டு தடவை அலசிக் காயப்போட்டிருந்தார். தீபாவளியன்று கட்டிக்கொண்டு வந்து காலில் விழச் சொன்னபோது, லீக்ஸ் மணம் அப்படியே இருந்தது.